எங்கள் பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்: வெள்ளிக்கிழமை வகுப்பைத் திரும்பத் தாருங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயாவுக்கும் பள்ளிக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற வாரம் என் மேசைக்கு வந்த சுற்றறிக்கையில் மூன்று உத்தரவுகள் இருந்தன. ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நடந்துவந்த செய்தி வாசிப்பு வகுப்பு நிறுத்தப்படுகிறது, அந்த நேரம் கணக்குத் தேர்வுப் பயிற்சிக்குப் போகும். நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த நான்கு நாளிதழ்களில் இனி ஒன்றுதான் வரும். ‘சர்ச்சைக்குரிய விஷயங்கள்’ எதையும் ஆசிரியர்கள் வகுப்பில் எடுக்கக் கூடாது. இவை போதாதென்று அந்தச் செய்தி வகுப்பு மாணவர்களின் 32 நோட்டுகளையும் அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்துவிட்டேன்.

ஒரு பெற்றோர் கொடுத்த புகாருக்கு எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் என் விளக்கம். என் வேலையைப் பற்றிய பிரச்சினை மட்டும் என்றால் உங்கள் அறைக்கு வந்து பேசி முடித்திருப்பேன். அந்த 32 பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது தெரிய வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

புகார் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பருவத்தில் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட தலைப்பு நொய்யல் ஆறு. ஒரு மாணவன் வீட்டில் சாப்பிடும்போது அப்பாவிடம், “நம்ம பட்டறைத் தண்ணி எங்கப்பா போகுது?” என்று கேட்டிருக்கிறான். அவர் சாயப்பட்டறை வைத்திருப்பவர். மறுநாள் பள்ளிக்கு வந்தார். “என் புள்ளைய எனக்கு எதிராவே தூண்டி விடறீங்களா?” என்று கேட்டார். அவர் கோபத்தை நான் குறையாக நினைக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. கடன் வாங்கி மிஷின் போட்டவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று இந்த ஊரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் காயத்தோடு வாழ்கிற மனிதரிடம் பதினான்கு வயதுப் பிள்ளை அப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கேள்வியை அவன் எப்படி வந்தடைந்தான் என்று உங்களில் யாரும் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த 2011-ம் ஆண்டுச் செய்தி நறுக்குகளைப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தேன். ஒரே நாளில், ஒரே தீர்ப்பைப் பற்றி வந்த செய்திகள். ஒரு தலைப்பில் ‘பனியன் தொழில் முடங்கும் அபாயம்’ என்ற பொருள்பட இருந்தது. இன்னொன்றில் விவசாயிகள் வரவேற்பு. ஒன்றின் படத்தில் பூட்டிய கேட், மற்றதில் நுரை மிதக்கும் ஆறு. இரண்டும் பொய்யில்லை. கேட் பூட்டியிருந்தது உண்மை, ஆறு நுரைத்திருந்ததும் உண்மை. எந்த உண்மையை மேலே வைத்தார்கள், எதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளினார்கள், யாரைப் பேசவிட்டார்கள் என்று பார்க்கச் சொன்னேன். ஊடகச் சார்பு என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர எனக்குத் தெரியாது.

அப்போது பின்பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், எங்கப்பா சாயப்பட்டறையில துணிக்குச் சாயம் ஏத்தற வின்ச் மிஷின் ஓட்டறாரு. அவரு மாதிரி ஆளுங்க பேசுனது இதுல எங்கயுமே இல்லியே?”

இல்லைதான். முதலாளிகள் சங்கம் பேசியிருந்தது, விவசாயிகள் சங்கம் பேசியிருந்தது, அதிகாரிகள் பேசியிருந்தார்கள். கை நிறையச் சாயத்தோடு வீட்டுக்குப் போகிறவர் ஒருவர்கூட நான் கொடுத்த நறுக்குகளில் இல்லை. நறுக்குகளைத் தேர்ந்தெடுத்தது நான். நாளிதழ்களின் சார்பைக் காட்ட வந்த என் கையிலேயே ஒரு சார்பு இருந்ததை ஒன்பதாம் வகுப்புப் பெண் கண்டுபிடித்தாள். அந்த வகுப்பில் நான் இதுவரை பெற்ற ஆகப் பெரிய பாராட்டாக அதை நினைக்கிறேன். அன்றே பிள்ளைகள் முடிவு செய்தார்கள்: பேப்பரில் இல்லாதவர்களை நாமே போய்க் கேட்போம். ஒரு குழு வின்ச் ஓட்டுபவரிடம் போனது. இன்னொரு குழு, நொய்யல் அணை இருக்கும் ஒரத்துப்பாளையம் பக்கம் தென்னை வைத்திருந்த ஒரு தாத்தாவிடம் போனது. பட்டறைக்காரர் வீட்டுப் பையன், தன் அப்பாவைக் கேட்பதாக அவனே முன்வந்தான். அவன் கேள்வித்தாளில் இருந்த கேள்விகள் ஐந்து. தண்ணீர் எங்கே போகிறது என்பது இரண்டாவது. சுத்திகரிக்க எவ்வளவு செலவாகிறது, அந்தச் செலவை துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறதா என்பது நான்காவது. அதுவரை போக விடாமல் பேச்சு நின்றுபோயிற்று. நான்காவது கேள்வியை அவர் கேட்டிருந்தால், தன் தரப்புக்கு நியாயம் தேடித்தான் மகன் உட்கார்ந்திருக்கிறான் என்று புரிந்திருக்கும்.

இந்தத் தலைப்பை நான் எங்கிருந்தோ இறக்கவில்லை. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து நம் ஊர் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டி முடித்தது 1992-ல். சில ஆண்டுகளிலேயே, சாயக்கழிவு கலந்த அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஆற்றுப் பாசனத்தை நம்பியிருந்த ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றம் 2009-ல் அதை உறுதி செய்தது, அப்புறம்தான் 2011. எல்லாம் தீர்ப்புகளாக எழுத்தில் இருப்பவை. மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பல ஆண்டுகள் நடத்திய ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் ஊடகத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதிலிருந்த பயிற்சி என்ன தெரியுமா? மாசுபடுத்தும் ஆலைகளை மூடும் செய்தியை இரண்டு கற்பனை நாளிதழ்கள் இரண்டு விதமாக எழுதியிருக்கும். ஒன்றில் சாலை மறியலும் போக்குவரத்துத் தொல்லையும். இன்னொன்றில் பிழைப்பு போய்விடும் என்று தெருவுக்கு வந்த முதலாளிகளும் தொழிலாளிகளும். இரண்டையும் ஒப்பிடு என்பது கேள்வி. டெல்லியில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவர்கள் கற்பனையில் உருவாக்க வேண்டியிருந்த பாடம், நம் பள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில் ஆறாக ஓடுகிறது. அதைப் பார்க்காதே என்று நான் எப்படிச் சொல்வேன்?

இந்த வகுப்பு தொடங்கிய கதையை அன்றைய தலைமையாசிரியர் அறிவார். இன்றைய குழுவில் பலருக்குத் தெரிந்திருக்காது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வழி கேட்க காரை நிறுத்திய குடும்பம் ஒன்றை ஊரே சேர்ந்து அடித்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திதான் காரணம். அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அந்த ஜூனில் பள்ளி திறந்தபோது என் வகுப்பில் கேட்டேன், எத்தனை பேர் அந்த வீடியோவைப் பார்த்தீர்கள் என்று. ஏறக்குறைய எல்லாக் கையும் உயர்ந்தது. எத்தனை பேர் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அதற்கும் கைகள் உயர்ந்தன. குறும்புக்காக அனுப்பவில்லை, தம்பி தங்கைகளை நினைத்துப் பயந்து அனுப்பியிருந்தார்கள். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத பிள்ளைகளின் கைகள் அவை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கியதுதான் இந்த வகுப்பு.

2023 மார்ச் முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றம் வரை போனது, அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்றைய தமிழக டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவிலேயே வந்து விளக்கினார்: ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவர் மோதிக்கொண்டது. நம் ரயில் நிலையத்தில் கூட்டமாக நின்றவர்களின் படம், உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களின் படமாகப் போய்ச் சேர்ந்தது.

என் வகுப்பில் அப்போது பீகாரிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் படித்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். இரண்டாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்த அந்தப் பெண் நம்மைப் போலவே தமிழ் பேசுவாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. குடும்பத்தோடு ரயிலேறிவிட்டார்கள். பையன் வந்திருந்தான். ரயில் நிலையப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவன் மெதுவாகச் சொன்னான்: “ஹோலி வருது டீச்சர். வருசா வருசம் இப்பிடித்தான் கூட்டம் இருக்கும்.” காலண்டரைப் பார்த்தோம். மார்ச் 8 ஹோலி. நம் பிள்ளைகள் பலருக்கு ஹோலி எந்த மாதம் என்றே தெரியாது. சரிபார்க்கத் தேவையான தகவல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, கேட்க ஒரு இடம்தான் வேண்டியிருந்தது. அன்று இரண்டு பக்கத்து ஃபார்வர்டுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினோம். இந்தியில் வந்தது ஒரு பக்கம். நம் பிள்ளைகளின் வீட்டு குரூப்புகளில் ‘வடக்கன்’ என்ற சொல்லோடு சுற்றியது மறுபக்கம். இரண்டிலும் ஊர்ப் பெயர் இல்லை, தேதி இல்லை, அடிபட்டவர் பெயர் இல்லை. ‘உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்பது மட்டும் இரண்டிலும் இருந்தது.

அந்தப் பெண் ஜூனில் திரும்பி வந்தாள். முழு ஆண்டுத் தேர்வை எழுதவில்லை. என்னிடம் சொன்னாள்: “நாம இந்த ஊர்லதான டீச்சர் இருந்தோம். கதவைத் திறந்து பாத்தா ஒண்ணும் நடக்கலன்னு தெரிஞ்சிருக்கும். அப்பாவுக்குக் கதவைத் திறக்கவே பயம்.” தன் தெருவில் என்ன நடக்கிறது என்பதையே ஆயிரம் மைல் தாண்டி வந்த வீடியோவைக் கேட்டு முடிவு செய்துகொண்ட அந்தத் தகப்பனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஐயா, நீங்கள் தடை செய்திருக்கும் ‘சர்ச்சைக்குரிய விஷயம்’ என்பது என்ன? அதை யார் வரையறுப்பது? சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். இட ஒதுக்கீடு சர்ச்சை. மொழிப் பிரச்சினை சர்ச்சை. காவிரி சர்ச்சை. நில வரைபடத்தில்கூடக் கச்சத்தீவு இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாடம் நடத்த முடியாது. தேதிகளை மட்டும் மனப்பாடம் செய்யவைத்து நடத்தலாம், ஆனால் பிள்ளை மாலையில் வீட்டுக்குப் போய் அதே விஷயத்தை ரீல்ஸில் பார்க்கும். அங்கே எதிர்க்கேள்வி கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜல்லிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் அத்தனை பேர் கூடினார்கள், சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18-ல் அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். நாட்டின் தலைசிறந்த சட்ட மூளைகள் ஒன்பது ஆண்டுகளில் இரண்டு விதமாக முடிவு செய்த கேள்வி அது. காங்கேயம் காளை வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவனுக்கு, மாடு வதைக்கப்படுகிறது என்பவர்களின் தரப்பை எழுதும் முறை வந்தது. எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு: எதிர்த் தரப்பை, அந்தத் தரப்புக்காரரே படித்து ‘ஆமாம், இதைத்தான் நான் சொல்கிறேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். அவன் மூன்று தடவை எழுதினான். முதல் தடவை கேலி இருந்தது, இரண்டாம் தடவை கோபம். மூன்றாம் தடவை, நீதிமன்ற ஆவணத்தில் சொல்லப்பட்ட காரணங்களைத் தேடிப் படித்து எழுதினான். எழுதி முடித்த பிறகும் அவன் ஜல்லிக்கட்டு வேண்டும் என்ற பக்கம்தான். ஆனால் வகுப்பில் இன்னொருத்தி வேண்டாம் என்றபோது அவளை அவன் ‘தமிழச்சியா நீ’ என்று கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

நீங்கள் நினைப்பது போல நான் அங்கே அரசியல் பேசுவதில்லை. என் கருத்தைக் கேட்டால், பாடவேளை முடிந்த பிறகும் சொல்வதில்லை. நாங்கள் செய்வது இலக்கணப் பாடம் மாதிரி இருக்கும். தமிழ் ஐயாவையே கூட்டிவந்து ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னேன். அவர் கரும்பலகையில் செய்தித் தலைப்புகளை எழுதி, “எழுவாய் எங்கே?” என்று கேட்டார். ‘துப்பாக்கிச் சூட்டில் பலி.’ சுட்டது யார்? ‘தடியடி நடத்தப்பட்டது.’ நடத்தியது யார்? ‘பதற்றம் நிலவுகிறது.’ யாருக்குப் பதற்றம்? 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த செய்தியை எத்தனை விதமாக ஒரு வரியில் எழுத முடியும் என்று பிள்ளைகள் எழுதிப் பார்த்தார்கள். கலவரம் என்று தொடங்கினால் ஒரு மாதிரி, போராட்டம் என்று தொடங்கினால் வேறு மாதிரி. ‘உயிரிழந்தனர்’ என்றால் யாரும் எதுவும் செய்யவில்லை, தானாக நடந்தது போல இருக்கிறது. ‘சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்றால் சுட்டவர் ஒருவர் இருக்கிறார். பிறகு, அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் என்ன சொன்னது, அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது எந்த நாளிதழ் எதை முதல் பக்கத்தில் போட்டது என்று பார்த்தோம். தமிழ் ஐயா கடைசியில், செயப்பாட்டு வினையை இவ்வளவு ஆர்வமாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை என்றார்.

‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்ற மூன்று சொற்களையும் பிள்ளைகள் இப்போது சிவப்புப் பேனாவால் வட்டமிடுகிறார்கள். கூறியவர் யார்? தெரிந்தது யாருக்கு? ‘கள்ளக்காதல்’ என்று தலைப்பு போட்ட செய்தியை எடுத்துக்கொண்டு ஒரு மாணவி கேட்டாள், செத்துப்போன பெண்ணின் பக்கத்தை யார் டீச்சர் சொன்னது, கொன்னவனோட வாக்குமூலம் மட்டும்தான இதுல இருக்கு என்று. எந்தத் தேர்வு அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போடும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எதிர்த்துப் போராடுவது நாளிதழ்களோடு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் பெரிய கவலை வேறு. ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் கேட்பேன், எந்த டிவி யாருடையது என்று. கடகடவென்று சொல்வார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கட்சிக்கு ஒரு டிவி, கட்சிக்கு ஒரு பத்திரிகை என்று பார்த்து வளர்ந்தவர்கள். “எல்லாமே காசு வாங்கிட்டுப் போடறதுதான் டீச்சர்” என்று ஒருவன் முடிப்பான். சரி, அப்படியானால் எதை நம்புவாய் என்று கேட்டால், “எங்க மாமா குரூப்புல அனுப்புவாரு” என்பான்.

இதுதான் ஆபத்து. யாரையும் நம்பாதே என்று கற்றுக்கொண்ட பிள்ளை, கடைசியில் தனக்கு வேண்டியவர் சொல்வதை மட்டும் நம்பும். செய்தியாளர் ஒருவர் வெயிலில் நின்று நான்கு பேரைக் கேட்டு எழுதியதும், யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ஜோடித்ததும் அதற்கு ஒன்றாகிவிடும். கட்சிப் பத்திரிகையில்கூட நம்பத்தக்க செய்தி உண்டு, அதைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் என்பவரின் குழு இதை ஆராய்ந்திருக்கிறது. வரலாற்றுப் பேராசிரியர்கள்கூட ஒரு இணையப் பக்கத்தின் அழகையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். எங்கள் வகுப்பில் இதற்குப் பெயர் ‘வெளியே போய்க் கேட்டுட்டு வா’. பெண் பார்க்கப் போகும் முன் அந்த ஊர் டீக்கடையில் குடும்பத்தைப் பற்றி விசாரிப்போம் அல்லவா, அதே வேலைதான்.

பள்ளியில் ஃபோன் கூடாது என்ற விதியை நான் மீறியதில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வந்த ஃபார்வர்டை நோட்டில் கையால் எழுதி எடுத்து வருவார்கள். யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பியது, எந்தத் தேதி, என்ன சொல்கிறது, எப்படிச் சரிபார்த்தேன், முடிவு என்ன. முடிவில் ‘தெரியவில்லை’ என்று எழுதினாலும் முழு மதிப்பெண். தேடிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று எழுதும் பிள்ளையைவிட எனக்குப் பெருமை தரும் பிள்ளை இல்லை.

தேர்வுப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை. நமது மாநிலப் பாடநூலிலேயே ஏழாம் வகுப்பில் ‘ஊடகமும் ஜனநாயகமும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. பாடத்திட்டத்துக்கு வெளியே நான் எதையும் கொண்டுவரவில்லை. பக்கத்து மாநிலத்தில், கண்ணூர் மாவட்டத்தில், 2018-லேயே அன்றைய ஆட்சியர் மீர் முகமது அலி 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்திகளைக் கண்டறியும் வகுப்புகளைத் தொடங்கினார். பிறகு கேரள அரசே அந்தப் பயிற்சியை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. ஒரு அரசு தானே முன்வந்து செய்த வேலையை ஒரு பள்ளி தண்டனைக்குரியதாக நினைப்பது எனக்குப் புரியவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்டு ஆராயும் குணத்தையும் வளர்ப்பதைக் குடிமகனின் கடமை என்கிறது. நம் பள்ளி ஆண்டு விழாவில் அதை வாசித்து உறுதிமொழி எடுத்திருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் தவறு என்னுடையது. பெற்றோரை நான் முன்கூட்டியே அழைத்துப் பேசியிருக்க வேண்டும். வீட்டில் யாரிடம் என்ன கேட்கப் போகிறார்கள் என்று ஒரு கடிதமாவது அனுப்பியிருக்க வேண்டும். அந்தப் பையனின் அப்பா முதன்முதலில் இதைச் சோற்றுத் தட்டின் முன்னால் எதிர்கொண்டது என் கவனக்குறைவால்தான். அவரிடம் நேரில் வருத்தம் தெரிவிப்பேன். வகுப்பை நடத்தியதற்காக வருத்தம் தெரிவிக்க மாட்டேன்.

குழுவிடம் நான் கேட்பது இவைதான்.

வெள்ளிக்கிழமைப் பாடவேளையை இந்த மாதமே திரும்பத் தொடங்க அனுமதியுங்கள். கணக்குப் பயிற்சிக்கு நேரம் வேண்டுமானால், என் சமூக அறிவியல் பாடவேளைகளில் வாரம் ஒன்றை விட்டுத் தருகிறேன்.

நான்கு நாளிதழ்களையும் மறுபடி வாங்குங்கள். ஒரு நாளிதழை மட்டும் படித்து வளரும் பிள்ளைக்கு ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது. பணம்தான் தடை என்றால் இரண்டு நாளிதழ்களின் சந்தாவை நான் கட்டுகிறேன். எந்த நான்கு என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவையாக இருந்தால் போதும்.

‘சர்ச்சைக்குரிய விஷயங்கள் கூடாது’ என்ற வரியை விலக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, சர்ச்சைகளை எப்படி நடத்த வேண்டும் என்று விதிகள் எழுதுவோம். ஆசிரியர் தன் கட்சியைத் திணிக்கக் கூடாது, எல்லாத் தரப்பும் அவரவர் வார்த்தையில் இடம்பெற வேண்டும், பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று எழுத்தில் போடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். அந்த விதிகளை எழுதும் குழுவில் இரண்டு பெற்றோரையும் இரண்டு மாணவர்களையும் சேருங்கள்.

குழு உறுப்பினர்கள் ஒருவராவது வகுப்புக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

புகார் கொடுத்த அந்தப் பெற்றோரைப் பள்ளியின் சார்பில் முறைப்படி அழையுங்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்றால் என்ன, ஒரு லிட்டர் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகிறது, 2011-ல் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்கு அவர் சொல்ல வேண்டும். அவர் தரப்பு இல்லாமல் நொய்யல் ஆய்வு முடியாது, பிள்ளைகளும் முடிக்க விரும்பவில்லை. ஐந்து கேள்விகளில் மூன்று இன்னும் பாக்கி இருக்கின்றன.

அலுவலகப் பீரோவில் இருக்கும் 32 நோட்டுகளையும் திங்கட்கிழமைக்குள் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் அவரவர் பெயர் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியை,
திருப்பூர்.